வெளிநாட்டில் வரலாற்றுக் கல்வியும் விருதுநகர் வட்டாரமும்

வெளிநாட்டில் வரலாற்றுக் கல்வி என்பது, மாணவர் ஒருவர் தம் நாட்டுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மாணவராகச் சேர்ந்து, வரலாற்றுத் துறையில் இளங்கலை, முதுகலை அல்லது முனைவர் பட்டத்துக்காகப் பயில்வதைக் குறிக்கும். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தைப் பொறுத்தவரை இக்கல்விக்குத் தனிப்பட்ட ஒரு தொடர்பு உண்டு. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் ஆகிய ஊர்களின் கடந்த இரு நூற்றாண்டு வரலாற்றுக்கான மூல ஆவணங்களில் கணிசமான பகுதி இலண்டன், பர்மிங்காம், ஆர்வர்டு முதலிய இடங்களில் உள்ளது. இவ்வட்டாரத்தைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நூலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து உருவானதே ஆகும்.

வட்டாரப் பின்னணி

விருதுநகரின் பழைய பெயர் விருதுப்பட்டி. 1923 ஆம் ஆண்டில் இவ்வூர் விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பருத்தி, மிளகாய், எண்ணெய் வித்துகள் ஆகியவற்றின் வணிகத்தால் வளர்ந்த ஊர் இது. இங்குள்ள வணிகர்கள் விற்பனைப் பொருள்களின் மீது தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமை என்னும் சிறு தொகையைக் கொண்டு கோயில்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் அமைத்தனர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு உருவான பள்ளியாகும். வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளியை நடத்திய செய்தி இன்றும் ஊரில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. 1910 இல் தோன்றிய நாடார் மகாசன சங்கம் மாணவர்களுக்குப் படிப்புக் கடன் வழங்கியது. 1947 இல் விருதுநகர் இந்து நாடார் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1963 இல் சிவகாசி அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரியும் தொடங்கப்பட்டன.

வெளியூர் சென்று கற்றுவரும் வழக்கமும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் மூன்றும் அந்தப் பயணத்தின் தொடர்ச்சியே. ஆனால் இங்கிருந்து வெளியே சென்றவர்கள் கற்கச் சென்றது பெரும்பாலும் தொழிலும் வணிகமும், பிற்காலத்தில் பொறியியலும் மருத்துவமும் ஆகும். வரலாறு படிப்பதற்காகக் கடல் கடந்தவர்களைத் தேட, தமிழ்நாட்டின் தென்கோடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்ல வேண்டியுள்ளது.

முன்னோடிகள்

நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த கே. கே. பிள்ளை, சென்னை மாகாணத்தின் உள்ளாட்சி வரலாற்றை ஆராய்ந்து ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1850 முதல் 1919 வரையிலான காலத்தை விளக்கும் அந்த ஆய்வு 1953 இல் நூலாக வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய இவர் பின்னர் எழுதிய தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும் என்னும் நூல் மாணவர்களிடையே பரவலாக அறியப்பட்டது. வெளிநாட்டில் பெற்ற பயிற்சியைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்த முயற்சிகளுள் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

யாழ்ப்பாணத்து நவாலியில் 1930 இல் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஒல்லாந்தர் ஆட்சிக்கால இலங்கை குறித்து முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வு 1958 இல் நூலானது. இதற்காக அவர் டச்சு மொழியைக் கற்று, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆவணங்களை நேரடியாகப் படித்தார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஆத்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், சோழமண்டலக் கடற்கரை வணிகம் பற்றிய நூலை 1986 இல் வெளியிட்டார். 1998 இல் காலமானார். தூத்துக்குடியும் 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தர் வசம் இருந்த துறைமுகமாதலால், அதன் உள்நாட்டுப் பகுதியான இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் துணி வணிகத்தை ஆராய்பவருக்கு அரசரத்தினம் சென்ற வழி பயன்படக்கூடியது.

கா. இந்திரபாலா 1965 இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். இலங்கையில் தமிழர் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தொடக்கமும் அவரது ஆய்வுப் பொருள். நாற்பது ஆண்டுகள் கழித்து 2005 இல் வெளியிட்ட நூலில், புதிய தொல்லியல் சான்றுகளின் அடிப்படையில் தம் பழைய முடிவுகள் பலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். அதன் தமிழ் வடிவமும் வெளிவந்துள்ளது. வெளிநாட்டுப் பட்டத்தின் முத்திரை பெற்ற ஆய்வேடு இறுதித் தீர்ப்பாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

இவர்களுள் எவரும் விருதுநகர் வட்டாரத்தவர் அல்லர். அதே வேளையில், தமிழக வரலாற்றில் சிறந்த பணி செய்ய வெளிநாட்டுப் பட்டம் இன்றியமையாதது என்றும் கூறிவிட முடியாது. எம். எஸ். எஸ். பாண்டியன், ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றோர் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பட்டம் பெற்று உலகளாவிய மதிப்பைப் பெற்றவர்கள்.

எதிர்த்திசைப் பயணம்

வெளியிலிருந்து மாணவர் விருதுநகருக்கு வந்தனர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1960களில் தமிழ்நாட்டில் கள ஆய்வு நடத்தினார். 1969 இல் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் அவரது தமிழ்நாட்டு நாடார்கள் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டது. சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் உறவின்முறை அமைப்பு எவ்வாறு செயற்பட்டது, மகமை எவ்வாறு திரட்டப்பட்டது, கமுதி கோயில் நுழைவு வழக்கும் 1899 ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரமும் எத்தகைய விளைவுகளை ஏற்படுத்தின என்பனவற்றை அந்நூல் விரிவாக ஆராய்கிறது. சமூகச் சங்கங்களின் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், மறைப்பணியாளர் கடிதங்கள், நேர்காணல்கள் ஆகிய நான்கையும் அது இணைத்துப் பயன்படுத்தியது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த டேவிட் லட்டன் 1985 இல் தென்னிந்திய உழவர் வரலாறு பற்றிய நூலை வெளியிட்டார். பழைய திருநெல்வேலி மாவட்டத்தை நீர்வளப் பகுதி, கலப்புப் பகுதி, வறண்ட பகுதி எனப் பிரித்து ஆராய்ந்த நூல் அது. சாத்தூர்ச் சீமையின் கரிசல் காட்டில் பருத்தி ஏன் பரவியது என்பதை அறிய விரும்புவோர் முதலில் நாட வேண்டிய நூல்களுள் ஒன்று.

இவ்விருவரும் ஆய்வுக்காகத் தமிழகம் வந்தவர்கள். மொழி, ஊர், உறவு முறை அனைத்தையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தவர்கள். உள்ளூர் மாணவருக்கு அந்த ஆண்டுகள் மிச்சமாகும். தீப்பெட்டித் தொழிற்சாலையை இப்பகுதி மக்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்றே சொல்வர் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரார் என்பதால் எல்லாம் எளிதாகிவிடுவதும் இல்லை. பழைய வணிகக் கணக்கேடுகளைப் படிக்கத் தமிழ் எண்களும் மா, காணி, முந்திரி ஆகிய பின்ன அளவுகளும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய பள்ளிக் கல்வியில் இவை இடம்பெறுவதில்லை. தம் சாதியையும் ஊரையும் பற்றித் தாமே எழுதும்போது ஏற்படும் நெருக்கடி இதனினும் பெரிது.

ஆவணங்கள் இருக்குமிடம்

இவ்வட்டாரத்தை ஆராய்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது மாவட்ட எல்லைகளின் மாற்றம். சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டன. 1985 இல் காமராசர் மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டு, 1997 இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. ஆகவே 1899 ஆம் ஆண்டுச் சிவகாசியைப் பற்றிய கோப்புகளை இராமநாதபுரம் என்ற தலைப்பில் தேடினால் கிடைக்காது. திருநெல்வேலி என்ற தலைப்பின் கீழ்த் தேட வேண்டும். புதிய ஆய்வு மாணவர் பலர் பல நாள்களை இழப்பது இத்தகைய இடங்களில்தான்.

அரசு ஆவணங்களைப் பொறுத்தவரை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமே முதன்மையானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கடிதங்கள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள் ஆகியன அங்கு உள்ளன. மாகாண அரசு இலண்டனுக்கு அனுப்பிய படிகளும், அங்கிருந்து வந்த முடிவுகளின் மூலக் குறிப்புகளும் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணப் பிரிவில் உள்ளன. அப்பிரிவின் ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும். சென்னையில் சிதைந்துபோன தாள் இலண்டனில் நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. இலண்டனுக்கு அனுப்பப்படாத கீழ்நிலைக் குறிப்பு எழும்பூரில் மட்டும் கிடைப்பதும் உண்டு. இரண்டையும் பார்த்தவர் எழுதும் வரலாறும் ஒன்றை மட்டும் பார்த்தவர் எழுதும் வரலாறும் ஒன்றாக இருப்பதில்லை. அக்டோபர் 2023 இல் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் பட்டியல்களும் எண்மச் சேவைகளும் பல மாதங்கள் முடங்கின. எல்லாம் இணையத்தில் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டு என்பதை அது காட்டியது.

மறைப்பணி ஆவணங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலேயே உள்ளன. கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியைச் சேர்ந்த தாமசு ராக்லண்ட், சர்ச் மிசனரி சங்கத்தின் சார்பில் 1854 முதல் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று பணியாற்றி, 1858 இல் சிவகாசியில் காலமானார். அச்சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அருப்புக்கோட்டையை அடுத்த மண்டபசாலையில் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிசனின் தலைமை அமைப்புடைய ஆவணங்கள் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆட்டன் நூலகத்தில் உள்ளன. பஞ்சம், விலைவாசி, கோயில் தகராறு, பள்ளிச் சேர்க்கை போன்றவை பற்றி மறைப்பணியாளர் எழுதிய கடிதங்கள், அவர்களது சமயச் சார்பைக் கழித்துப் படித்தால், அரசு ஆவணங்களில் இல்லாத விவரங்களைத் தருகின்றன.

தொழில் வரலாற்றின் ஒரு பகுதி இந்தியாவுக்கு வெளியே இன்னும் வடக்கே உள்ளது. சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் 1923 இல் இந்தியாவில் விம்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் சிவகாசியிலும் தீப்பெட்டித் தயாரிப்பு தொடங்கியது. இயந்திரத்தில் செய்த பெட்டிக்கும் கையால் செய்த பெட்டிக்கும் இடையிலான போட்டியும், 1934 இல் தீப்பெட்டிக்கு விதிக்கப்பட்ட உற்பத்தி வரியும் சிவகாசியின் போக்கைத் தீர்மானித்தவை. போட்டியாளர் என்ன கருதினர் என்பதை அறிய சுவீடன் மொழி தெரிந்த தமிழ் மாணவர் ஒருவர் தேவைப்படுகிறார்.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோசா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்களை அவர் மறைவுக்குப் பின் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆயினும் அத்தொகுப்பு நாட்டைவிட்டு வெளியேறவில்லை. 1994 இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டது.

ஆய்வுப் பொருளாகப் பட்டாசுத் தொழில்

இந்தியாவில் வாணவேடிக்கையின் பழைய வரலாற்றைப் பி. கே. கோடே 1953 இல் வெளியிட்ட சிறுநூல் 1400 முதல் 1900 வரை தொகுத்துக் கூறுகிறது. சிவகாசியின் கதை அதற்குப் பின்னர் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பட்டாசு இறக்குமதி நின்றதும், 1940 ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளால் உரிமம் பெற்ற ஆலைமுறை உருவானதும் இத்தொழிலுக்கு அடித்தளமிட்டன. ஆலை உரிமையாளர் பற்றிய வாழ்க்கை வரலாறுகளும் மலர்களும் கிடைக்கின்றன. குச்சி அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள், மருந்து கலந்தவர்கள் ஆகியோர் எழுதி வைத்தவை மிகக் குறைவு. அவர்கள் ஆவணங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் விபத்து நிகழ்ந்தபோதோ வழக்கு நடந்தபோதோ மட்டுமே.

அத்தகைய வழக்குகளுள் முக்கியமானது எம். சி. மேத்தா தொடுத்தது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர் குறித்து உச்ச நீதிமன்றம் 1990 இலும் 1996 இலும் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது. 5 செப்டம்பர் 2012 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்தத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. 1980களில் சிறுவராக ஆலைக்குச் சென்றவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். அவர்களது நினைவுகளைப் பதிவு செய்யும் காலம் நீண்டதன்று.

வாய்மொழி வரலாறு என்னும் முறை இதற்குப் பொருத்தமானது. பிரித்தானிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிருள்ள மனிதரை நேர்காணும் ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் முன் இசைவு பெறுவது பொதுவான நடைமுறை. பேசுபவரின் ஒப்புதல், பெயரை மறைத்தல், ஒலிப்பதிவைப் பாதுகாத்தல் ஆகியன குறித்து மாணவர் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். ஒரே ஆலையை நம்பி வாழும் சிற்றூரில் பெயரை மறைப்பதால் மட்டும் ஆளை மறைத்துவிட முடியாது. யார் எந்தப் பிரிவில் எந்த ஆண்டு வேலை செய்தார் என்று கூறினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். இது படிவத்தால் தீர்வதன்று.

படிப்பின் அமைப்பு

இங்கிலாந்தில் இளங்கலை மூன்று ஆண்டுகள், ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டுகள். பாடநெறி முதுகலை பெரும்பாலும் ஓராண்டில் முடிகிறது. முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் முனைவர் படிப்பு முதுகலையையும் உள்ளடக்கி ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் நீடிக்கும். முதலிரு ஆண்டுகள் வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் உரியன. இந்தியாவின் மூன்றாண்டு இளங்கலையைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏற்கின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் படிப்பு கேட்பவையும் உண்டு.

நம் நாட்டுத் தேர்வு முறைக்குப் பழகிய மாணவருக்குக் கடினமாக இருப்பது ஆங்கிலத்தைவிடக் கட்டுரை முறையே எனலாம். நிகழ்வுகளையும் ஆண்டுகளையும் சரியாக எழுதினால் அங்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. ஒரு கேள்விக்கு முந்தைய ஆய்வாளர் என்ன விடை கூறினர், அவ்விடை எங்குப் போதவில்லை, மாணவரின் சான்று எதை மாற்றுகிறது என்ற வரிசையில் எழுத வேண்டும்.

செலவும் உதவித்தொகையும்

பிரித்தானியா 1967 இல் வெளிநாட்டு மாணவருக்கு வேறுபட்ட கட்டணத்தைக் கொண்டுவந்தது. 1980 முதல் முழுச் செலவையும் அவர்களிடமே வசூலிக்கத் தொடங்கியது. நுழைவிசைவுக்கு விண்ணப்பிப்பவர் படிப்புக் கட்டணத்துடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான தொகையைத் தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். இந்தியாவில் 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. ஆலைக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்து கதவை அடைத்துவிடுகின்றன. எனவே இவ்வட்டார மாணவர் பலருக்கு உதவித்தொகை இல்லாமல் இப்படிப்பு இல்லை.

1960 முதல் வழங்கப்படும் பொதுநலவாய உதவித்தொகை, இன்லாக்சு, ஃபுல்பிரைட்-நேரு, ஆக்சுபோர்டு உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களுக்கான ஃபெலிக்சு ஆகியவற்றுக்கு வரலாற்று மாணவர் விண்ணப்பிக்க இயலும். ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவிக்கு மூன்றாண்டுப் பணி அனுபவம் கேட்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் பாடப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்க முனைவர் படிப்பில் சேர்வோருக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தை நீக்கி உதவித்தொகை தருவதுண்டு. ஆனால் 2025 இல் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மனிதவியல், சமூக அறிவியல் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன.

நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகிய பிரிவினருக்கு முதுகலை, முனைவர் படிப்புக்காக வழங்கப்படுகிறது. இதற்கு 125 இடங்கள் உண்டு. 2022 இல் வெளியான இதன் திருத்திய விதிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு ஆகிய பொருள்களிலும் இந்தியா சார்ந்த சமூக ஆய்வுகளிலும் படிப்பவருக்கு உதவித்தொகை இல்லை என அறிவித்தன. இத்தகைய ஆய்வுக்குரிய வளங்களும் வல்லுநரும் உள்நாட்டிலேயே இருப்பதால் அதற்கென வெளிநாடு செல்ல வேண்டியதில்லை என்பது அமைச்சகத் தரப்பின் விளக்கம். கல்வியாளர்களும் அரசியல் கட்சியினரும் இதை எதிர்த்தனர். வல்லுநர் உள்நாட்டில் உள்ளனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆவணங்கள் பற்றி மேலே கூறியவற்றுடன் இவ்விளக்கம் பொருந்தவில்லை. சிவகாசியைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர், அவ்விதியின்படி, ஐரோப்பிய வரலாற்றைப் படிக்க அரசு உதவியுடன் பர்மிங்காம் செல்லலாம். அதே பல்கலைக்கழகத்தில் உள்ள, தம் ஊரிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களை ஆராய்வதற்கென்று செல்ல முடியாது.

பட்டத்துக்குப் பின்

அமெரிக்காவில் மாணவர் நுழைவிசைவில் படித்து முடித்தவருக்கு 12 மாதங்கள் பணிப் பயிற்சி அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகளுக்கு 2016 முதல் மேலும் 24 மாத நீட்டிப்பு கிடைக்கிறது. வரலாற்றுப் பட்டதாரிக்கு அந்த நீட்டிப்பு இல்லை. பிரித்தானியாவில் 2021 முதல் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டும் முனைவர்களுக்கு மூன்றாண்டும் தங்கிப் பணியாற்ற அனுமதி வழங்கப்பட்டது. முனைவர் அல்லாதோர்க்கான காலம் 1 சனவரி 2027 முதல் 18 மாதங்களாகக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது.

இந்தியா திரும்பிக் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிப்பவருக்குப் பட்டத்தின் இணைத்தகுதி முக்கியமானது. பிரித்தானியாவின் ஓராண்டு முதுகலைப் பட்டம் நெடுங்காலம் இந்திய ஈராண்டு முதுகலைக்கு இணையாகக் கருதப்படவில்லை. சூலை 2022 இல் இரு நாடுகளும் செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் அந்தத் தடையை நீக்கியது. 2025 இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தகுதிக்குத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. அதற்கு முன்னர் படித்து முடித்துத் திரும்பியவர்கள், தம் பட்டம் எந்த முறையின் கீழ் வருகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும்.